கிளெய்ம் போடும் முன் ரினிவல் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள்

மார்கழி, தை வந்தால் வேலூரைச் சுற்றியுள்ள டிங்கர் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பாலாற்றங்கரையிலும் ஏரி ஓரச் சாலைகளிலும் விடியற்காலைப் பனி அப்படி இறங்கும். போதாததற்குக் கரும்பு சீசன். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களில் கரும்புத் தோகை பின்பக்கம் தொங்கி, இருக்கிற ஒற்றைச் சிவப்பு விளக்கையும் மூடிவிடும். ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு என்ன கேடு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போன மார்கழியில் திருவலம் ரோட்டில் என் மச்சினன் கார் அப்படி ஒரு டிராக்டரின் பின்னால் முட்டியது. நானும் பக்கத்தில் இருந்தேன். யாருக்கும் அடியில்லை. பம்பர் கிழிந்தது, இடது ஹெட்லைட் நொறுங்கியது, கிரில்லில் ஒரு கரும்புத் துண்டு சொருகிக்கொண்டு நின்றது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "பின்னால வந்து இட்சவன் மேலதான் தப்பு" என்று ஒரு கட்சி, "லைட் இல்லாம இன்னாத்துக்கு ரோட்ல வர்றே" என்று இன்னொரு கட்சி.

இந்தப் பஞ்சாயத்துக்கும் நம் இன்சூரன்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதிராளிக்கு மட்டுமில்லாமல் நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசி வைத்திருந்தால், தப்பு நம் மேலேயே இருந்தாலும் நம் வண்டிக்கான சேதத்தை நம் கம்பெனிதான் தரும். பாலிசி நடப்பில் இருக்கிறதா, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா, குடித்திருந்தாரா என்றுதான் பார்ப்பார்கள். டிராக்டர்காரரின் இன்சூரன்ஸில் வாங்கிவிடுகிறேன் என்று கிளம்பினால், பம்பர் காசுக்காக சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு நடந்து செருப்பு தேயும். யாருக்காவது காயம் என்றால் கதையே வேறு. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். காயம் இல்லையென்றால் நாலு கோணத்தில் போட்டோ, எதிர் வண்டியின் நம்பர், அவ்வளவு போதும். ஒன்று மட்டும் கவனம்: ரேடியேட்டர் ஒழுகினால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஓட்டிக்கொண்டு போய் இன்ஜின் சீஸ் ஆனால், அது விபத்தால் வந்த சேதம் இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள்.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் சொன்ன முதல் வார்த்தை, "இன்சூரன்ஸ்லயே போட்டுடலாம் சார், உங்களுக்கு ஒண்ணும் செலவில்ல." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். செலவில்லையா? நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

பம்பர் 6,000, ஹெட்லைட் 5,000, கூலி 1,500, பெயின்டிங் 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16,500. தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதிதான் கிடைக்கும். ஆக பம்பருக்கு 3,000, ஹெட்லைட்டுக்கு 2,500. கூலி முழுசாக வரும். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 3,500 நிற்கும். எல்லாம் சேர்த்து 10,500. இதில் நாம் கட்டாயம் போட வேண்டிய பங்கு, 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்ன கார் என்றால் கைக்கு வருவது 9,500.

இனி போவதைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும். மச்சினன் 50-ல் இருந்தான். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினிவலில் பூஜ்யம், மறுபடி 20-லிருந்து ஏணி ஏற வேண்டும். அந்த ஐந்து வருஷத்தில் விட்டுப்போகும் சதவீதம் 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125. ரினிவல் நோட்டீஸைப் பாருங்கள்: ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம், போனஸ் கழிக்கும் முன் 8,000 என்றால் 10,000 ரூபாய் காலி. வண்டி பழசாக ஆகப் பிரீமியமும் குறையும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் 9,500 வாங்க 10,000 கொடுக்கிற வியாபாரத்தை ஆம்பூர்ப் பிரியாணிக் கடையில்கூட யாரும் செய்யமாட்டார்கள்.

அதே வண்டிக்கு ஜீரோ டெப் இருந்தால் கைக்கு வருவது 15,500. அப்போது யோசிக்காமல் போடலாம். போனஸ் 20-ல்தான் இருக்கிறது என்றால் இழப்பதும் குறைவு, போடலாம். அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டு போனஸ் போய்விட்டதா? அடுத்ததையும் தாராளமாகப் போடலாம், போனது இன்னொரு முறை போகாது. நான் கிளெய்முக்கு விரோதி இல்லை. காசு கட்டித்தானே பாலிசி எடுத்திருக்கிறோம். அட்வைசர் வாய்க்கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். பில் பெரிதானால் லாபம் அவருக்கு, ஏணியில் இறங்குவது நாம்.

"பின் கதவுக் கீறலையும் இதுலயே சேர்த்துடலாம்" என்றும் ஒரு ஆசை காட்டினார். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர்கள் என்ன சின்னப் பிள்ளைகளா? கீறலுக்குள் துரு தெரிந்தாலே பழசு என்று அடித்துவிடுவார்கள். முன்னால் முட்டிய வண்டிக்குப் பின் கதவு எப்படிக் கீறியது என்று கேட்டால், நியாயமான கிளெய்மின் மேலும் சந்தேகம் விழும்.

மச்சினன் கடைசியில் கிளெய்ம் போடவில்லை. வெளியில் ஒரு டிங்கர் கடையில் பம்பரை ஒட்டிப் பெயின்ட் அடித்து, ஹெட்லைட் மட்டும் புதுசு போட்டான். என் தங்கைக்கு அந்தப் பெயின்ட் கலரில் இன்றுவரை திருப்தியில்லை, அது தனிக் கதை.

சேதம் பெரிதாகி, கிளெய்ம் போட்டு, கம்பெனி சரியான காரணமில்லாமல் குறைத்தாலோ மறுத்தாலோ விடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.