தையல் எந்த இடத்தில் விழப்போகிறது?

என் பெறாமகனுக்கு வால் எலும்புக்கு மேலே, பிட்டப் பிளவில் கட்டி வந்தபோது, வெட்கத்தால் ஐந்து மாதங்கள் அதை வீட்டில் மறைத்துவிட்டான். மூலம் என்று தானே முடிவுசெய்து களிம்பு பூசியிருக்கிறான். அது மூலமுமல்ல, பவுத்திரமுமல்ல. உதிர்ந்த மயிர், பிளவின் நடுக்கோட்டிலுள்ள நுண்துளைகள் வழியே தோலுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும் பைலோனைடல் சைனஸ். இரண்டாம் உலகப் போரில் ஜீப் ஓட்டிய அமெரிக்கப் படையினர் பலருக்கு வந்ததால் இதை 'ஜீப் நோய்' என்றும் அழைத்தார்கள். கொழும்புப் பேருந்தில் இரவு முழுவதும் அமர்ந்து போய் வரும் நம்மவர்களுக்கு அதில் வியப்பிருக்காது.

சீழ் கட்டியிருக்கும்போது கீறி வடியவிடுவதே வழி, அதில் விவாதமில்லை. அதன் பின்னர் எதைச் செய்வது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அவனுக்கு நோயுற்ற இழையத்தை வெட்டியெடுத்து, நடுக்கோட்டிலேயே நேராகத் தைத்தார்கள். மூன்றாம் வாரம் தையல் பிரிந்தது. வியர்வையும் ஈரமும் மயிரும் தேங்குகின்ற, உட்காரும்போதெல்லாம் இருபுறமும் இழுபடுகின்ற பள்ளத்தின் அடியில் தைத்தால் வேறென்ன நடக்கும்? தைக்காமல் திறந்துவிட்டு அடியிலிருந்து ஆறவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் குறைகிறது. ஆனால் ஆற வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். நாள்தோறும் மருந்து கட்டவேண்டும். பிரிந்த காயத்துக்கு மருந்து கட்டிய அவனுடைய தாயைக் கேட்டால் அதன் பாடு தெரியும்.

தையலைப் பிளவுக்கு வெளியே, ஒரு பக்கமாகத் தள்ளிப் போடும் முறைகளையே நான் ஆதரிக்கிறேன். கிரேக்க இராணுவ மருத்துவர் கரிடாக்கிஸ், தாம் இவ்வாறு பக்கமாகத் தைத்துச் சிகிச்சையளித்த 6,545 பேரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் திரும்பியதாக 1992இல் எழுதினார். அது அவருடைய சொந்தக் கணக்கு என்பதால் அப்படியே நம்பத் தேவையில்லை. எனினும் பல ஆய்வுகளை ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வும், தைத்து மூடுவதென்றால் நடுக்கோட்டைத் தவிர்ப்பதே வழமையாக வேண்டும் என்றது. பக்கத்துத் தோலையும் சதையையும் நகர்த்திக் காயத்தை மூடும் லிம்பேர்க் முறையும் பள்ளத்தை ஆழமற்றதாக்கும், ஆனால் தழும்பு பெரியது. நோய் சிறிதாயின் துளைகளை மட்டும் அகற்றுவதோ, உள்ளிருக்கும் நோயுற்ற இழையத்தை எரிக்கும் பீனோல் என்ற இரசாயனத்தை இடுவதோ போதும். திரும்ப வரும் வாய்ப்புச் சற்றுக் கூடினாலும், சில நாட்களில் வேலைக்குத் திரும்பலாம் என்பதால் அதையும் நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு முன்னர், தையல் நடுவிலா பக்கத்திலா என்று அவனே வாய்திறந்து கேட்டான். வைத்தியர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு வரைந்து காட்டினார்.