சைபர்பங்க் பிஎஸ்5-க்காக உருவான கேம் அல்ல

"சைபர்பங்க் 2077 பிஎஸ்5-க்காகவே உருவானது, காசுக்காகக் கடைசி நேரத்தில் பிஎஸ்4-க்குள் திணித்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் சோனியின் பிளேஸ்டேஷன் கேம் கன்சோல்கள்; பிஎஸ்4 முந்தைய தலைமுறை, பிஎஸ்5 அடுத்தது. நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

இந்த கேமை அறிவித்தது 2012-ல். அப்போது பிஎஸ்4-கூட கடைக்கு வரவில்லை. 2020 டிசம்பரில் வெளியானபோது பிஎஸ்5-க்குத் தனிப் பதிப்பே கிடையாது. பிஎஸ்5 வாங்கியவர்கள் ஆடியதும் பிஎஸ்4 பதிப்பைத்தான். தனிப் பதிப்பு வந்தது 2022 பிப்ரவரியில்.

பழைய கன்சோலில் கேம் திணறியது உண்மை. வெளியான சுமார் ஒரு வாரத்தில் சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. பிஎஸ்4-ல் இருப்பது மெதுவாகப் படிக்கும் ஹார்ட் டிஸ்க், சிபியுவும் (மையச் செயலி) வெளியான காலத்திலேயே சுமார் ரகம். நகரத்தில் காரை விரட்டினால் அடுத்த தெருவின் கட்டடங்கள், ஆட்கள், வண்டிகள் எல்லாம் டிஸ்கிலிருந்து உடனே வந்து சேர வேண்டும். ரெசல்யூஷனை, அதாவது படத்தின் துல்லியத்தை, குறைப்பது சுலபம். இதை அப்படிச் சமாளிக்க முடியாது.

அதற்காக இரண்டு தலைமுறைக்கும் வெளியிட்டாலே கேம் பாழ் என்றும் இல்லை. 2022-ல் காட் ஆஃப் வார் ராக்னராக் பிஎஸ்4-லும் நன்றாகவே ஓடியது. அங்கங்கே நம் கதாபாத்திரத்தை இடுக்குகளில் நுழைந்து மெதுவாகப் போக வைப்பார்களே, அடுத்த இடம் லோடாகும் நேரத்தை மறைக்கும் பழைய உத்தி, அந்த விலையை பிஎஸ்5-காரர்களும் சேர்த்தே கொடுத்தார்கள். 11 கோடிக்கும் மேல் விற்ற பிஎஸ்4-ஐ எந்த நிறுவனம் சும்மா விடும்? சைபர்பங்கே 2023-ல் வந்த ஃபேன்டம் லிபர்ட்டி விரிவாக்கத்தில்தான் பழைய கன்சோல்களைக் கைகழுவியது.