கூண்டில் நுழைஞ்ச பெட்டி, படிக்கட்டில் நுழையலை

மறுபடியும் அதே கூத்து. வாகைக்குளத்துல, அதான் நம்ம தூத்துக்குடி விமான நிலையத்துல, கவுண்டர் பக்கத்துல ஒரு இரும்புக் கூண்டு நிக்குமே, 55க்கு 35க்கு 25 சென்டிமீட்டர். பெட்டி அதுக்குள்ள வழுக்கிக்கிட்டு இறங்குது. எடை 6.8 கிலோ. "ஓகே சார், கேபின்லயே எடுத்துட்டுப் போங்க." நம்பிப் போறோம். எத்தனை தடவை பட்டாலும் நம்புறோம்!

விமானத்தோட படிக்கட்டு. முதல் படியில ஒரு கால். அப்பத்தான் வாக்கி-டாக்கி புடிச்ச தம்பிக்கு ஞானம் பிறக்கும்: "சார், இது ஏடிஆர். இந்தப் பேக் மேல வைக்க முடியாது."

ஏடிஆர்னா புரொப்பெல்லர் வெச்ச சின்ன விமானம். அதுதான் வருதுன்னு காலையில தெரியாதா? டிக்கெட் வித்த அன்னைக்குத் தெரியாதா? அந்தக் கூண்டு பெரிய ஏர்பஸ்ஸுக்கு அளவெடுத்தது, இங்க தலைக்கு மேல இருக்குற அறை அதைவிடக் குட்டி. சக்கரம் வெச்ச பெட்டி பாதி நுழையும், மூடி சாத்தாது. ஒரு சின்னக் கூண்டு செஞ்சு வெச்சா முடிஞ்சது. வெல்டிங் பட்டறையில சொன்னா சாயங்காலம் குடுத்துடுவான்.

சரி, இப்ப தார்த்தரையில உக்காருங்க. பெட்டியைத் திறங்க. தனியா இருக்குற லித்தியம் பேட்டரி சரக்குல போகக்கூடாது, அதனால பவர் பேங்க் வெளிய. லேப்டாப் வெளிய. மருந்து வெளிய. சார்ஜர் வயர் கூடவே ஒரு பனியனை இழுத்துக்கிட்டு வெளிய. பின்னால அறுபது பேர் வெயில்ல நின்னு நம்ம பனியனைப் பார்க்குறாங்க. எல்லாத்தையும் ஜவுளிக்கடைப் பையில திணிச்சுக்கிட்டு ஏறணும். பெட்டி டேக் மாட்டிக்கிட்டு, காக்பிட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல இருக்குற சரக்கு அறைக்குப் போகும்.

கேட்டா "வெயிட் பிராப்ளம் சார்"னு ஒரு உருட்டு. பெட்டி அதே விமானத்துலதானே வருது, இடம் மாறினா எடை குறைஞ்சிடுமா? எடைக் கணக்கு வேணும்னா போடுவோம். ஆளுக்கு 75 கிலோ, செக்-இன் 15, கைப்பெட்டி 7. இதை 78 சீட்டால பெருக்குங்க: 7,566. ஏடிஆர் 72-600 தாங்குறது சுமார் 7,500. ஏழரை டன்! பேர்லயே ஏழரை. கொளுத்துற வெயில்ல, குட்டையான ஓடுபாதையில அதுவும் குறையும். அதனாலதான் சில நாள் நீங்க வருவீங்க, பெட்டி வராது.

உள்நாட்டுல ஓடுற விமானம் 80 சீட்டுக்குக் கீழ இருந்தா, விமான நிலையத்துக்குக் கட்டுற இறங்கு கட்டணம் கிடையாது. அந்தக் கணக்கெல்லாம் நல்லாவே தெரியும் இவங்களுக்கு.

இன்னொரு கொடுமை, முன்வரிசை சீட்டுக்குக் கூடுதல் காசு. ஏடிஆர்ல ஏறி இறங்குற கதவு வால்பக்கம். காசு கட்டி முதல் வரிசையில உக்காந்தவர்தான் கடைசியா இறங்குவார். புரொப்பெல்லர் இரைச்சலும் முன்பாதியிலதான். இலவசமாத் தள்ளிவிடுற கடைசி வரிசைதான் ராஜ சிம்மாசனம், வெளிய சொல்லிடாதீங்க.

உள்ள வேகும். தரையில நிக்கும்போது ஏசி ஓட்டுற குட்டி இன்ஜின், அதான் ஏபியு, இதுல கிடையாது. வலப்பக்க இன்ஜினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி ஏசி எடுக்கலாம், அதுக்குப் பேரு "ஹோட்டல் மோட்". எரிபொருள் செலவாச்சே, போடுவாங்களா? பேரு ஹோட்டல், உள்ள இட்லிக் கொப்பரை.

விமானத்தைக் குத்தம் சொல்லலை. தூத்துக்குடி ஓடுபாதை 1,350 மீட்டரா இருந்த காலத்துல சோறு போட்டது இதுதான். இப்ப 3,115 மீட்டர், 2025 ஜூலையில புது முனையமும் வந்தாச்சு. ஏடிஆர்ல ஏறினா பெட்டி கதை மட்டும் அதேதான். இந்தோனேசியாவுல லயன் ஏர் தன்னோட ஏடிஆரை விங்ஸ் ஏர்னு தனிப் பேர்ல ஓட்டுது, பிலிப்பைன்ஸ்ல செபு பசிபிக்குக்கு செப்கோ. பேரைப் பார்த்ததும் பெட்டியைச் சின்னதா கட்டிடலாம். இங்க எல்லாம் ஒரே பேரு. டிக்கெட் பக்கத்துல எறும்பு சைஸ்ல "ஏடி7"னு இருக்கும், அதைப் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்.

சென்னையில பெட்டியைத் திறந்தா மக்ரூன் பொடி. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த காத்து மாதிரி சாமான், அதுமேல யாரோட இருபது கிலோ சூட்கேஸோ. சரி போகட்டும்னு சென்னைக் கடையில "தூத்துக்குடி மக்ரூன்"னு வாங்கினா நமத்துப் போன சர்க்கரைக் கட்டி. முந்திரி எங்கய்யா? முந்திரி போடாம அதுக்கு எங்க ஊர் பேரை வைக்க யாரு சொன்னா?