இரண்டு ஆயிரம் ரூபாய்களும் ஒரு குழப்பமும்

"கொரோனா ஊரடங்கில் மத்திய அரசு எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆயிரம் ரூபாய் கொடுத்தது, வராதவர்களின் பணத்தை ஊரில் யாரோ சாப்பிட்டுவிட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2020 மார்ச் 26-ல் நிர்மலா சீதாராமன் அறிவித்த ஆயிரம் ரூபாய், தேசிய சமூக உதவித் திட்டத்தில் ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தான். ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. மொத்தம் சுமார் 2,814 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசின் பணம்.

மாற்றுத்திறனாளி ஒருவர் அந்தப் பட்டியலுக்குள் நுழைவதுதான் கஷ்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அப்போது இந்த ஓய்வூதியம் பெற்ற மாற்றுத்திறனாளிகளோ சுமார் 10 லட்சம் பேர்தான். 60 சதவீதச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவருக்குப் பணம் வரவில்லையென்றால் அதை யாரும் திருடவில்லை. அவரை விதியே வெளியே நிறுத்திவிட்டது. கோபம் போக வேண்டிய இடம் அதுதான், ஊர் அலுவலர் அல்ல.

அப்புறம், தமிழ்நாட்டில் பலர் நினைவில் வைத்திருப்பது வேறொரு ஆயிரம். 2020 ஜூனில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வைத்திருந்த சுமார் 13.35 லட்சம் பேருக்கு மாநில அரசு அறிவித்த நிவாரணம் அது. அதற்கு 80 சதவீத நிபந்தனை இல்லை, அட்டை போதும். இரண்டும் ஒரே தொகை என்பதால் ஒன்றாகக் கலந்துவிட்டன.