கேள்வியை வெட்டிட்டு அனுப்பாதீங்க

ஆகஸ்ட் 15 கிராம சபை வீடியோ கடலூர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கு. யார் பேசினது, எந்த ஊருன்னு உங்களுக்கே தெரியும், நான் பேர் சொல்லப்போறதில்ல. "காசு வாங்கும்போது கை நீட்டுனீங்கல்ல? இப்ப என்ன கேள்வி?"ன்னு, கேள்வி கேக்க எழுந்து நின்ன ஒரு அம்மாவைப் பார்த்து அவர் கேக்குறார். கூட்டம் சிரிக்குது. அந்த அம்மா உக்கார்ந்துடறாங்க. அவ்வளவுதான் வீடியோ.

அந்த அம்மா எங்க அம்மா.

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா இருந்தேன். நேத்து ஒரு நண்பர் "செம பதிலடி"ன்னு போட்டு எனக்கே அதை அனுப்பினார். யாருன்னு தெரியாமத்தான் அனுப்பியிருக்கார், அவர் மேல கோபமில்ல. ஆனா அதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல.

காசு வாங்கினவங்களுக்குக் கேள்வி கேக்க உரிமை இல்லைன்னா, குடுத்தவங்களுக்கு மட்டும் பதில் சொல்லாம இருக்குற உரிமை எங்கேருந்து வந்துச்சு?

ஓட்டுக்குக் காசு வாங்கினோம். மறைக்கல. 2021 தேர்தலுக்கு மூணு நாள் முன்னாடி, ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தாங்க. கையில வாக்காளர் பட்டியல், செல்போன் வெளிச்சத்துல எங்க வீட்டு ஓட்டை எண்ணினாங்க. அம்மா வேண்டாம்னாங்க. "தெருவே வாங்கியாச்சுக்கா, நீங்க மட்டும் வாங்கலன்னா அந்தக் கட்சி ஆளுன்னு நினைச்சுப்பாங்க"ன்னு சொல்லி கையில திணிச்சுட்டுப் போனாங்க. நான் அப்ப திண்ணையிலதான் உக்கார்ந்திருந்தேன். தடுக்கல. அம்மா அதை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில வச்சு ஒரு வாரம் தொடவே இல்ல. அப்புறம் சிலிண்டர் வந்த அன்னைக்குத்தான் எடுத்தாங்க. அந்த சிலிண்டர் விலையில 5 சதவீதம் ஜிஎஸ்டி. குளிக்கிற சோப்புல அப்ப 18 சதவீதம். வரி கட்டாத ஏழைன்னு இந்த நாட்டுல யாரும் கிடையாது. கேள்வி கேக்க அந்த ஒண்ணு போதாதா?

"வாங்கினது தப்புதானே?"ன்னு கேப்பீங்க. தப்புதான். சட்டத்துலயே இருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 170-ஆவது பிரிவு. குடுக்கிறதும் குற்றம், வாங்குறதும் குற்றம். அப்ப மைக்கைப் பிடிச்சு "வாங்குனீங்கல்ல"ன்னு சொன்னவர் என்ன ஒப்புக்கிட்டார்? அதுக்கு யாருமே சிரிக்கலையே. 2017-ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை நிறுத்தினாங்க. 2019-ல வேலூர்ல கோடிக்கணக்குல பணம் பிடிபட்டு நாடாளுமன்றத் தேர்தலையே நிறுத்தினாங்க. அந்தப் பணமெல்லாம் எங்க அம்மா அஞ்சறைப்பெட்டியிலேருந்தா கிளம்பிச்சு? மேலேருந்து கீழ வரைக்கும் எத்தனை கை மாறி வருது, கடைசியா நிக்கிற கை மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது.

"நீ எந்தக் கட்சி?"ன்னு ஒருத்தர் கேட்டார். எந்தக் கட்சியும் இல்ல. நம்பாதவங்க நம்பாம இருங்க.

"படிச்ச பையன், நீயாவது திருப்பிக் குடுத்திருக்கலாமே"ன்னு சொல்றவங்களுக்குத்தான் என்கிட்ட பதில் இல்ல. நாலு வருஷமா எனக்குள்ள உறுத்துற விஷயம் அது. ஆனா அது என் தப்பு. அதுக்கு அம்மாவை ஏன் ஊர் நடுவுல வச்சு அவமானப்படுத்தணும்?

அம்மா என்ன கேட்டாங்கன்னு வீடியோவுல இல்ல. வெட்டிட்டாங்க. நான் சொல்றேன். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையிலேருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்தாங்களே, தென்பெண்ணை ரெண்டு கரையும் புரண்டு நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா பக்கமெல்லாம் முங்கிச்சே, அப்ப எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அம்மா ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தலையில வச்சுக்கிட்டு மாடிவீட்டு அண்ணி வீட்டுல போய் நின்னாங்க. தையல் மிஷினைத் தூக்க முடியல. தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா பாபின் பெட்டி முழுக்க வண்டல். மண்ணெண்ணெய் ஊத்தி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தாங்க, சக்கரம் சுத்தவே இல்ல. நிவாரணம் 2,000 ரூபா வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. மெக்கானிக் கேட்டது 3,500.

எச்சரிக்கை குடுத்தோம்னாங்க. எங்க தெருவுக்கு ஒரு ஆட்டோ மைக்கூட வரல. அணையில திறந்த தண்ணி எங்க ஊருக்கு வந்து சேர மணிக்கணக்கா ஆகும். அந்த நேரத்துல ஒரு ஆள் சைக்கிள்ல வந்து கத்தியிருந்தாக்கூட மிஷினை நாலு பேர் சேர்ந்து தூக்கியிருப்போம். 2021 நவம்பர்லயும் இதே ஆறு, இதே வெள்ளம்.

அதனால அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அடுத்த மழைக்கு முன்னாடி உடைஞ்ச கரையைக் கட்டுவீங்களா, மாட்டீங்களாய்யா?"

பதில் சொன்னவர் அதிகாரி இல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த ஆளும் இல்ல. எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் அரசு நியமிச்ச தனி அலுவலர் நிர்வாகம்தான். பதில் சொல்ல வேண்டிய அலுவலர் பக்கத்துலயே உக்கார்ந்து தீர்மான நோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தார், தலையைத் தூக்கவே இல்ல. வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதுல ஒரு நாள், ஐம்பத்தெட்டு வயசுல முதல் தடவையா எழுந்து நின்னு கேட்டாங்க.

சிரிச்சவங்கள்ல எங்க தெருக்காரங்களும் இருந்தாங்க. அவங்க வீட்டுக்குள்ளயும்தான் தண்ணி வந்துச்சு. அவங்க வீட்டுக்கும்தான் அன்னைக்கு ராத்திரி செல்போன் வெளிச்சம் வந்துச்சு. அம்மாவுக்கு வலிச்சது அந்தச் சிரிப்புதான். மூணு நாளா தண்ணி பிடிக்கக்கூட தெருக்குழாய்க்குப் போகல, நான்தான் போறேன்.

அக்டோபர் 2 அடுத்த சபை. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. அதே கேள்வியை மனுவா எழுதி நான் எடுத்துட்டு வர்றேன். கரை இன்னும் அப்படியேதான் கிடக்கு, மழைக்காலம் தொடங்க ரெண்டு மாசம்கூட இல்ல.

அந்த வீடியோவை வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு இனி யாருக்கும் அனுப்பாதீங்க. அனுப்பித்தான் ஆகணும்னா, அம்மா கேட்டதுலேருந்து தொடங்குற முழு வீடியோ என்கிட்ட இருக்கு. கேளுங்க, தர்றேன்.