முப்பது மெயில் கணக்குக்கு மைஸ்க்யூஎல் கட்டாயமா?

கோத்தகிரி டீ ஃபேக்டரியின் மெயில் சர்வரில் முப்பது கணக்குகளை டெக்ஸ்ட் ஃபைலில் வைப்பதா, மைஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் வைப்பதா என்பது கேள்வி. “டெக்ஸ்ட் ஃபைல் வேண்டாம், ஒவ்வொரு லாகினுக்கும் முழு ஃபைலையும் படிக்கும், மைஸ்க்யூஎல்தான் வழி” என்று ஒருவர் சொல்லியிருப்பது சரியல்ல. லாகினைச் சரிபார்த்து மெயிலைப் படிக்கக் கொடுக்கும் டவ்காட் மென்பொருள் கடவுச்சொல் ஃபைலை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஃபைல் மாறினால்தான் மறுபடி படிக்கும். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் பார்ப்பது முகவரிகள் உள்ள டெக்ஸ்டை அல்ல, போஸ்ட்மேப் கட்டளை அதிலிருந்து உருவாக்கும் இண்டெக்ஸ் ஃபைலை. முப்பது என்ன, சில ஆயிரம் கணக்கானாலும் வேகம் பிரச்சினை இல்லை.

தொல்லை வேறு இடத்தில். புது முகவரி சேர்த்துவிட்டு போஸ்ட்மேப் ஓட்ட மறந்தால் அந்த ஆள் லாகின் செய்வார், ஆனால் அவருக்கு வரும் மெயில் 550 பிழையோடு (அப்படி முகவரி இல்லை) திரும்பிப் போகும். அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை நேரடியாகத் திருத்துவது. பாதி எழுதிய நிலையில் டவ்காட் படித்துவிடலாம். அதே டைரக்டரியில் தற்காலிக ஃபைலாக எழுதி, எம்வி (mv) கட்டளையால் உண்மையான ஃபைலின் பெயருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் ரூட், குழு டவ்காட், அனுமதி 640 (ரூட் படிக்கலாம், எழுதலாம்; குழு படிக்க மட்டும்; மற்றவர்களுக்கு எதுவும் இல்லை). கடவுச்சொல்லை ஹாஷ் செய்தே (திரும்ப மாற்ற முடியாத வடிவில்) வையுங்கள்; இது டேட்டாபேஸுக்கும் பொருந்தும்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் டேட்டாபேஸ் என்றால் எழ வேண்டிய சர்வீஸ் இன்னொன்று. அது எழாதவரை லாகின் நடக்காது. வரும் மெயிலுக்கும் 451 தற்காலிகப் பிழைதான். பயனர்களே வலைப்பக்கத்தில் கடவுச்சொல் மாற்ற வேண்டும், அல்லது பல டொமைன்களைப் பலர் நிர்வகிக்கிறார்கள் என்றால் மைஸ்க்யூஎல் நியாயம். அப்போதும் போஸ்ட்ஃபிக்ஸில் தேடலை ப்ராக்ஸி (இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் இடைநிலை சேவை) வழியாக விடுங்கள், இல்லாவிட்டால் இணைப்புகள் எக்கச்சக்கமாகிவிடும்.