பழி கேட்கிற பேயும் மனம் நொந்த பேயும்

நம்ம ஊர்ப் பேய்க்கதைகளில் பேய்க்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான், தன்னைக் கெடுத்தவனைத் தேடிப் போய்ப் பழி தீர்ப்பது. பழையனூர் நீலி அந்த வகை. கழிவிரக்கத்தில் அலைகிற பேய் வேறு சாதி. அதற்கு எதிராளியே கிடையாது, தன்னைத் தவிர. இரண்டையும் ஒரே பேயின் தலையில் கட்டினால் பழிதான் ஜெயிக்கும்; வருத்தம் வெறும் பின்னணி இசையாகிவிடும்.

1843இல் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையின் மார்லியைப் பாருங்கள். செத்து ஏழு வருஷம். இடுப்பைச் சுற்றிய சங்கிலி வால் மாதிரி நீண்டு கிடக்கிறது. அதில் கோத்திருப்பவை பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம், கனத்த பணப்பை. ரத்தக்கறை எங்கும் இல்லை. மனுஷன் யாரையும் கொல்லவில்லை, தினமும் கடையைத் திறந்து கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் வாயைத் திறந்து புலம்புவதற்கு முன்பே அந்தச் சாமான்கள் பாதியைச் சொல்லிவிடுகின்றன.

அதைவிடக் கொடுமை, அவர் ஜன்னல் வழியாகப் போன பிறகு தெரிகிற காட்சி. வெளியே ஆவிகள் கூட்டம். வெள்ளை வெயிஸ்ட்கோட் போட்ட ஒரு கிழ ஆவி, கணுக்காலில் பெரிய இரும்புப் பெட்டி. கீழே ஒரு வாசற்படியில் கைக்குழந்தையோடு ஏழைப் பெண். அவளுக்கு உதவ முடியவில்லையே என்று அது அழுகிறது. உயிரோடு இருந்தபோது எத்தனை வாசற்படிகளைத் தாண்டிப் போயிருக்கும்!

எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பேய் கதவைத் தள்ளும், லைட்டை அணைக்கும், கடிதம் எழுதும் என்று சலுகை கொடுத்துக்கொண்டே போவார்கள். கை ஓடுகிற பேய்க்கு எதற்கு வருத்தம்? போய்ச் செய்துவிட்டு வரலாமே. மார்லிக்குக் கிடைப்பது, உயிரோடு இருக்கிற பழைய தொழில் கூட்டாளி ஸ்க்ரூஜுக்கு எச்சரிக்கை சொல்ல ஒரே ஒரு ராத்திரி.

‘நோ’ என்கிற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்தில் இன்னொரு வழி. செயாமி எழுதிய ‘அட்சுமோரி’யில், 1184 போரில் அட்சுமோரி என்ற இளைஞனைக் கொன்ற வீரன் குமகாய் மனம் நொந்து துறவியாகி, அதே இடத்துக்குப் பிரார்த்திக்க வருகிறான். வருத்தம் உயிரோடு இருப்பவனிடம், செத்தவனிடம் பற்று. ஆவி எடுத்த எடுப்பில் அழாது. முதல் பாதியில் புல் அறுக்கிறவனாக வந்து பேசும். பின்பாதியில்தான் போர்க்கோலம். வாளை ஓங்கியும்விடுகிறது. எதிரே இருப்பவன் இப்போது பகைவன் இல்லை என்று தெரிந்து, வெட்டாமல் தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்கிறது.

மார்லிக்கு அதுகூட இல்லை. ஸ்க்ரூஜ் திருந்திவிடுகிறான், வான்கோழி வாங்கி அனுப்புகிறான். மார்லியின் சங்கிலி கழன்றதாக டிக்கன்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.